கால் மட்டும் கீழே வரக்கூடாது

வழித்துணை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகள் ஜார்ஜியா நாட்டில் திபிலிசியில் எம்.பி.பி.எஸ். நான்காம் வருடம் படிக்கிறாள். வரும் ஜூலையில் நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போகிறோம். கஸ்பெகி மலைப் பக்கம் கைடோடு அரை நாள் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர பைக்) டூர் இருக்கிறதாம். மலையும் பார்க்கலாம், பழைய கோட்டையும் கோபுரமும் பார்க்கலாம், போயே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். எனக்கு 52 வயது. ஸ்கூட்டி ஓட்டுவேன், கார் தெரியாது. கணவருக்கு 61. போன வருடம்தான் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை ஆனது. போகலாமா? – ஒரு வாசகி, கொளத்தூர்.

பதில்: தாராளமாகப் போகலாம். நீங்களும் மகளும் ஏடிவியில், கணவர் வேறு வண்டியில். அவரை எக்காரணம் கொண்டும் அதில் பின்னால் ஏற்றாதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் அண்ணன் மகளும் திபிலிசியில்தான் படித்தாள். அவள் பட்டமளிப்புக்குப் போனபோது, செப்டம்பர் மாதம், நாங்கள் நாலு பேர் அதே மலைக்குப் போனோம். எனக்கு அப்போது 60 முடிந்திருந்தது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் குனிந்து அதன் அச்சைப் பார்ப்பது பழக்கம். அதனால் வண்டியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏடிவிக்கு நாலு சக்கரம் இருப்பதால் அது கார் மாதிரி, விழாது என்று பலரும் நினைக்கிறார்கள். விழும். வாடகைக்குத் தரும் பல வண்டிகளில் பின்சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் சேர்த்து மாட்டியவை. காரில் இருப்பது போல வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் இன்னொன்று மெதுவாகவும் சுற்றாது. ரயில் பெட்டியின் சக்கர ஜோடியும் அப்படித்தான். ஆனால் அங்கே சக்கரத்தின் விளிம்பில் இருக்கும் சரிவு வளைவைச் சமாளித்துக்கொள்ளும். இங்கே சமாளிக்க வேண்டியது உங்கள் உடம்பு. வளையும்போது உள்பக்கம் சாய வேண்டும். மேட்டில் ஏறும்போது முன்னால் குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்கார வேண்டும். பக்கவாட்டுச் சரிவில் மேட்டுப் பக்கம் எடை போட வேண்டும். பின்னால் ஒருவர் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தால் இது எதுவும் நடக்காது. முட்டி மடங்காத ஒருவரை ஏற்றக்கூடாது என்பது இதனால்தான். இரண்டு பேருக்கென்றே நீளமாகச் செய்த வண்டி தனியாக உண்டு. ஒருவர் வண்டியில் இரண்டு பேரை உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கியர் மாற்றும் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஸ்கூட்டி போலத்தான். ஆனால் கைப்பிடியைத் திருகினால் வேகம் வராது. வலது கட்டை விரலால் ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ள வேண்டும். முதல் அரை மணி நேரம் நன்றாக இருக்கும், அப்புறம் விரல் கடுக்கும். கார் டயரில் 30 பிஎஸ்ஐ வாக்கில் காற்று இருக்கும், இதில் 4 முதல் 7 வரைதான். அதனால்தான் கல்லின் மேல் டயர் அமுங்கி ஏறுகிறது.

இனி ஸ்கூட்டி ஓட்டும் உங்களுக்காகவே ஒன்று சொல்கிறேன். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் நாம் என்ன செய்வோம்? காலை ஊன்றுவோம். சென்னை சிக்னலில் ஒரு நாளைக்கு ஐம்பது முறை செய்கிறோம். ஏடிவியில் அதைச் செய்யவே கூடாது. ஆற்றுப் படுகையில் உருண்டைக் கற்கள் மேல் போய்க்கொண்டிருந்தபோது என் வண்டி இடது பக்கம் சரிந்தது. நாற்பது வருடப் பழக்கம், நினைப்பதற்குள் இடது கால் தரையில். வண்டி நிற்கவில்லை. பின்டயர் என் குதிகாலைப் பிடித்துக் கீழே அழுத்தியது. கணுக்கால் வரை வரும் கெட்டி பூட்ஸ் போட்டிருந்ததால் பூட்ஸின் அடிப்பாகம் மட்டும் பாதி பிய்ந்து தொங்கியது. செருப்போ கேன்வாஸ் ஷூவோ என்றால் கணுக்கால் முறிந்திருக்கும். எங்கள் கைடு ஓடி வந்து இன்ஜினை நிறுத்தினான். சின்னப் பையன், இருபத்தைந்து இருக்கும். அவன் ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றேதான்: கால் மேலே, எப்போதும் மேலே. உங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாரையாவது பக்கவாட்டில் தள்ளச் சொல்லி, காலை ஊன்றாமல் இடுப்பைச் சாய்த்துப் பழகுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, நிஜமாகவே உதவும்.

உடை விஷயம். சேலை கூடாது. சுடிதார் போட்டால் துப்பட்டாவை அறையிலேயே விட்டுவிடுங்கள். நம் ஊரில் பின்சக்கரத்தில் துப்பட்டா சிக்கி எத்தனை பெண்கள் விழுந்திருக்கிறார்கள்! பின்னலைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கையுறை, கண்ணாடி, மூக்கை மூடும் துணி வேண்டும். ஜூலையானாலும் அங்கே காற்று சில்லென்று இருக்கும், ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.

சரி, எங்கே போவது? கஸ்பெகி என்று நாம் சொல்லும் ஊரின் பெயர் இப்போது ஸ்டெபான்ட்ஸ்மிண்டா. திபிலிசியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ரஷ்ய எல்லைக்குப் போகும் சரக்கு லாரிகள் வரிசை கட்டி நின்றால் இன்னும் ஆகும். வழியில் அனனூரி கோட்டையில் இறங்குங்கள், அணைக்கட்டு நீரோரம் அழகான இடம். ஜ்வாரி கணவாய் கிட்டத்தட்ட 2,400 மீட்டர், நம் ஊட்டியை விட உயரம். அன்று இரவு ஊரில் தங்கிவிட்டு மறுநாள் காலை டூர் வைத்துக்கொள்ளுங்கள். காலையில்தான் போக வேண்டும். அங்கே ஆறுகளில் ஓடுவது பனி உருகிய தண்ணீர். வெயில் ஏற ஏற உருகி, மத்தியானத்துக்கு மேல் ஆற்றில் நீர் கூடிவிடும். காலையில் முழங்கால் அளவு தண்ணீரில் கடந்த இடம் திரும்பும்போது வேறு மாதிரி இருக்கும்.

பலரும் கெர்கெட்டி தேவாலயத்துக்கு ஏடிவியில் கூட்டிப்போகிறோம் என்பார்கள். அங்கே நல்ல தார் ரோடே இருக்கிறது. அதற்கு ஏடிவி தண்டச் செலவு என்பது என் கருத்து. அதற்குத் தனியாகக் காரில் போங்கள், ஆனால் போகாமல் வராதீர்கள். 14-ஆம் நூற்றாண்டுக் கோயில், 2,170 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறது, பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கஸ்பெக் சிகரம். 1795-ல் பாரசீகப் படை திபிலிசியைச் சூறையாடியபோது, ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவின் சிலுவையை இங்கேதான் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். நம் ஊரில் படையெடுப்புக்குப் பயந்து உற்சவ மூர்த்திகளை மலைக்கும் காட்டுக்கும் தூக்கிக்கொண்டு ஓடிய கதைதான். பெண்கள் தலையை மூட வேண்டும், பேன்ட் போட்டிருந்தால் இடுப்பில் துணி சுற்ற வேண்டும். அறையில் விட்டுவரச் சொன்ன துப்பட்டா இங்கே உதவும்.

ஏடிவிக்கு ஏற்றது ட்ருசோ பள்ளத்தாக்கு. கோபி கிராமத்துப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டு விலகி, டெர்கி ஆற்றோரமாக உள்ளே போக வேண்டும். முதலில் இரண்டு பக்கமும் பாறை நெருக்கும், ஆறு இரைச்சலோடு கூடவே வரும். பிறகு திடீரென்று எல்லாம் விலகிப் பெரிய புல்வெளியாக விரியும். மலைச்சரிவில் மஞ்சளும் வெள்ளையும் துருநிறமுமாகப் படிவுகள் இருக்கும். தாது நீர் ஊறி ஊறிச் சுண்ணாம்பு படிந்தது, துருநிறம் இரும்பினால் வந்தது. அதன் மேல் வண்டி ஏற்றக்கூடாது. பல காலமாகப் படிந்த மேல்தோல் டயர் பட்டால் நொறுங்கிவிடும். எங்களுக்கு முன்னால் போன கூட்டத்தில் ஒருவர் போட்டோவுக்காக ஏற்றினார். அந்தத் தடத்தைப் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

கொஞ்சம் தள்ளி அபானோ என்ற இடத்தில் ஒரு சின்னக் குளம் கொதிக்கிற மாதிரிக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். கை வைத்தால் சில்லென்று இருக்கும். கொதிப்பு இல்லை, நிலத்துக்கு அடியிலிருந்து வரும் கரியமில வாயு. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அங்கிருந்து நகர மறுத்துவிட்டார்கள்.

அப்புறம் கெட்ரிசி. காகசஸ் மலை இனத்தவரான ஒசேத்தியர்கள் வாழ்ந்த கிராமம். வீட்டுச் சுவர்களும் காவல் கோபுரங்களும் பாதி நிற்கின்றன, ஆள் இல்லை. கோடையில் மாடு மேய்ப்பவர்கள் வந்து தங்குவார்கள். 1990-களின் இனச் சண்டைக்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கு ஊர்கள் இப்படி வெறிச்சோடிவிட்டன. ஒரு சுவரின் ஓரத்தில் அம்மிக்கல் அளவில் ஒரு அரைக்கும் கல் பாதி புதைந்து கிடந்தது. நடுவில் குழி விழுந்து தேய்ந்திருந்தது. அதில் மாவு அரைத்த கைகள் இப்போது எந்த ஊரில் இருக்கின்றனவோ என்று வெகுநேரம் நின்றுவிட்டேன். தயவுசெய்து இங்கே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நடங்கள். அங்குள்ள மேய்ச்சல் நாய்கள் பெரியவை, ஆட்டு மந்தையை நெருங்கினால் பாயும். கைடை விட்டு விலக வேண்டாம்.

கடைசியாக ஒரு குன்றின் மேல் ஜகாகோரி கோட்டை.  அதற்கு அப்பால் ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் தெற்கு ஒசேத்தியா, போக முடியாது. எல்லைக் காவலர்கள் பாஸ்போர்ட் கேட்பார்கள். அதனால்தான் வாடகைக்குத் தருபவர் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள் என்கிறேன். நாங்கள் முதலில் விசாரித்த ஒரு கடையில் பாஸ்போர்ட்டையும் கேட்டார்கள், ஹெல்மெட்டும் இல்லை என்றார்கள். எழுந்து வந்துவிட்டோம். அடுத்த இடத்தில் ஹெல்மெட் கொடுத்து, முற்றத்தில் நாலு சுற்று ஓட்டவிட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே விட்டார்கள். அப்படிச் செய்கிறவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை.

உங்கள் கணவருக்கு வழி இருக்கிறது. அந்த ஊரில் மிட்சுபிஷி டெலிகா என்ற உயரமான வேன்கள் டாக்சியாக ஓடுகின்றன. ஒன்றைப் பேசிக்கொண்டால் அவர் அதில் வந்து குமிழிக் குளத்தருகே உங்களுக்காகக் காத்திருக்கலாம். ஃபிளாஸ்கில் காபி அவரிடமே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏடிவி ஓட்டினால் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகளில் சாகச விளையாட்டு என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். அப்புறம், உங்களிடம் இருப்பது டூவீலர் லைசென்ஸ் மட்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லுங்கள். கார் லைசென்ஸ் கேட்கும் இடங்கள் உண்டு. சரியான லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் காப்பீடும் கைவிட்டுவிடும். மகளிடம் கார் லைசென்ஸ் இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச அனுமதி வாங்கச் சொல்லுங்கள், ஒரு வருடம் செல்லும். அவள் ஓட்ட, நீங்கள் இருவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகலாம். உங்களுக்கு முட்டி மடங்கும் அல்லவா?

கேள்வி: ஈசிஆரில் ஏடிவி ஓட்ட விடுகிறார்களே, என் 9 வயது மகனைத் தனியாக ஓட்ட விடலாமா? – வாசகர், திருவான்மியூர்.

பதில்: வேண்டாம். பெரியவர்களுக்கான வண்டியின் மேலேயே 16 வயதுக்குக் கீழ் ஓட்டக்கூடாது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், பாருங்கள். வண்டியை உடல் எடையால் அடக்க வேண்டும். 28 கிலோ பிள்ளையால் முடியாது. நீங்கள் ஓட்டுவதானாலும் வேலி போட்ட டிராக்கில் மட்டும் ஓட்டுங்கள், கடற்கரை மணலில் வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் மணலைத் தோண்டி முட்டையிடுகின்றன.

கேள்வி: வெளிநாடெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. செஞ்சிக் கோட்டையில் இப்படி ஏடிவி டூர் வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! – வாசகர், தாம்பரம்.

பதில்: உங்கள் ஆசை புரிகிறது, ஆனால் எனக்குச் சம்மதமில்லை. செஞ்சி தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். அந்தப் பாறைச் சந்துகளில் இன்ஜின் சத்தம் வேண்டாம்.

அது நடந்து ஏறுவதற்கென்றே கட்டிய கோட்டை. ராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரம். உச்சிக்குப் போகும் வழியில் ஒரு பிளவு, அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. சிவாஜி 1677-ல் பிடித்த கோட்டை. பிறகு அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை வெளியே ஏழெட்டு வருடம் காத்துக் கிடந்து 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஏன் அத்தனை வருடம் ஆனது என்று புரியும். வண்டியில் போனால் புரியாது. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக 160 கிலோமீட்டர். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மேலே போய்விடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், குரங்குகள் பிடுங்கும்.

கேள்வி: ஜார்ஜியாவில் சைவம் கிடைக்குமா? – வாசகி, மேற்கு மாம்பலம்.

பதில்: நன்றாகவே கிடைக்கும். லோபியானி என்று கேளுங்கள். மசித்த பீன்ஸ் பயறு வைத்த ரொட்டி, நம் பருப்புப் போளியின் உப்பு வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கத்தரிக்காயில் அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய பத்ரிஜானியும் சுகம். ஹின்காலி என்ற கொழுக்கட்டையில் இறைச்சி இருக்கும், காளான் அல்லது உருளைக்கிழங்கு வைத்தது தனியாகக் கேட்க வேண்டும். தயிர் அங்கே மட்சோனி. நல்ல புளிப்பு. சாதம் மட்டும் எங்களுக்குச் சரியாக வாய்க்கவில்லை. சின்ன எலெக்ட்ரிக் குக்கரும் ஒரு கிலோ பொன்னியும் பெட்டியில் வைத்துக்கொண்டால் இரவில் அறையிலேயே தயிர்சாதம்.