கை மரத்துப்போவதற்கு ஹேண்டில்பாரை மாற்றலாமா?

கேள்வி: தினமும் வேலைக்கு 9 கிலோமீட்டர் சைக்கிளில் போய் வருகிறேன். என்னுடையது நேரான ஹேண்டில்பார், வி-பிரேக் (சக்கர விளிம்பை இரு நீண்ட கைகளால் இருபுறமும் அழுத்தும் பிரேக்). பாதி வழியிலேயே சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. பந்தய சைக்கிளில் இருப்பதுபோல் கீழே வளைந்த ஹேண்டில்பாரை மாட்டினால் சரியாகுமா?

பதில்: மாட்ட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அந்த இரு விரல்களுக்கும் உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் அல்நார் நரம்பு, உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கத்து அடிப்பகுதி வழியாகச் செல்கிறது. உடல் எடை அந்த இடத்தில் இறங்கும்போதும், மணிக்கட்டு மடங்கியே இருக்கும்போதும் நரம்பு நசுங்குகிறது. சைக்கிளை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஹேண்டில்பாரைத் தொடுவதற்கு முன் சீட்டைப் பாருங்கள். அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகள் வழி முழுவதும் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். சீட்டை மட்டமாக வைத்த பின், முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடாக அமையும்படி பிரேக் நெம்புகோலைத் திருப்பி வையுங்கள். பலருக்கு இவ்விரண்டிலேயே பாதித் தொல்லை தீர்ந்துவிடுகிறது, செலவும் இல்லை.

வளைந்த பந்தய ஹேண்டில்பாரில் குறை ஒன்றுமில்லை. எதிர்காற்றில் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு அது அருமையானது. உங்கள் சைக்கிளுக்குத்தான் பொருந்தாது. நேரான ஹேண்டில்பாரில் கைப்பிடிப் பகுதியின் விட்டம் 22.2 மில்லிமீட்டர், வளைந்ததில் 23.8 மில்லிமீட்டர் என்பதால் இப்போதுள்ள பிரேக், கியர் நெம்புகோல்கள் அதில் ஏறா. புதியவற்றை வாங்கினாலும், அவை கேபிளை இழுக்கும் நீளம் வழக்கமான வி-பிரேக்குக்குப் போதாது. ஆக, ஒரு கம்பியை மாற்றப் போய் பாதி சைக்கிளையே மாற்ற நேரும்.

உங்களுக்கு ஏற்றது, முனைகள் ஓட்டுபவரை நோக்கி 30 முதல் 45 பாகை வரை பின்வளைந்த ஹேண்டில்பார். இரு கைகளிலும் கைக்கு ஒரு பேனாவை இறுகப் பிடிக்காமல் வைத்துக்கொண்டு, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் கைகளை முன்னே நீட்டிப் பாருங்கள். பேனாக்கள் ஒரே நேர்கோட்டில் நிற்காது. சுண்டுவிரல் பக்கத்து முனைகள் உங்கள் பக்கமாகத் திரும்பியிருக்கும். மணிக்கட்டு இயல்பாக விரும்பும் கோணம் அதுதான். இந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு 22.2 மில்லிமீட்டர் விட்டமே இருப்பதால் பழைய நெம்புகோல்களையே பயன்படுத்தலாம்.

வாங்கும்போது இரண்டை அளந்துகொள்ளுங்கள். ஸ்டெம் (ஹேண்டில்பாரை முன்சக்கரக் கவையான ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) கவ்வும் நடுப்பகுதியின் விட்டம் 25.4 மில்லிமீட்டரா 31.8 மில்லிமீட்டரா என்பது முதலாவது. வளைவு முடிந்த பிறகு மிஞ்சும் நேர்ப்பகுதியில் கைப்பிடி, பிரேக், கியர் மூன்றுக்கும் இடம் இருக்கிறதா என்பது இரண்டாவது; பலர் கோட்டைவிடுவது இதில்தான். இன்னொன்று, கைகள் பின்னுக்கு வருவதால் சைக்கிள் குறுகிவிட்டதுபோல் தோன்றும். திருப்பத்தில் முழங்கால் இடித்தால் சற்று நீளமான ஸ்டெம் தேவைப்படும்.

உயரத்தைப் பொறுத்தவரை, சீட் மட்டத்திலோ அதற்குச் சற்று மேலோ வைத்துத் தொடங்குங்கள். ஃபோர்க் குழாய்க்குள் இறங்கும் பழைய வகை ஸ்டெம் என்றால், அதில் பொறித்துள்ள குறைந்தபட்ச ஆழக் குறி வெளியே தெரியும் அளவுக்கு ஒருபோதும் உயர்த்தக் கூடாது. குழாயை வெளிப்புறமாகக் கவ்வும் புதிய வகையில், உச்சியிலுள்ள போல்ட் பேரிங்கின் தளர்வை எடுப்பதற்கு மட்டுமே. ஸ்டெம்மைக் குழாயோடு இறுக்கிப் பிடிப்பவை பக்கவாட்டுப் போல்ட்கள். அதனால் மீண்டும் பூட்டும்போது முதலில் உச்சிப் போல்ட்டை மெல்ல இறுக்கி, சக்கரத்தை நேராக்கி, பிறகு பக்கவாட்டுப் போல்ட்களை ஸ்டெம்மில் அச்சிட்ட அளவுக்கு மட்டும் மாறி மாறி இறுக்க வேண்டும்.

சாலைக்கு எடுத்துச் செல்லும் முன், முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தித் திருகுங்கள், அசையக் கூடாது. பிறகு அதை இருபுறமும் கடைசி வரை திருப்புங்கள். எந்தப் பக்கத்திலாவது கேபிள் விறைத்து இழுபட்டால் அது நீளம் போதாத கேபிள். உறையோடு சேர்த்து மாற்றிவிட்டே ஓட்டுங்கள்.