தொட்டி மேல் தப்பா, பழைய காய்ச்சலா? – வாசகர் கேள்விகள்

கேள்வி: வாடகை வீட்டில் மூன்று வருஷமாக இருக்கிறோம். ஆடி மாதம் என் பையனுக்கு விவாக்ஸ் மலேரியா வந்தது. குணமாகிவிட்டது. மாசியில் மறுபடியும் குளிர்காய்ச்சல், மறுபடியும் விவாக்ஸ். மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி போடச் சொன்னால், "அது பழைய மலேரியாதான் திரும்பி வந்திருக்கு, என் தொட்டியைக் குறை சொல்லாதீங்க" என்கிறார் ஹவுஸ் ஓனர். கிருமியின் ஜீனை டெஸ்ட் பண்ணினால் பழசா புதுசா என்று தெரிந்துவிடும் என்கிறான் காலேஜில் படிக்கும் அண்ணன் மகன். அந்த டெஸ்ட்டை எங்கே எடுப்பது?
– பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை.

பதில்: அம்மா, டாக்டர் சீட்டு எழுதி, சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு வரும் டெஸ்ட் இல்லை அது. ஆராய்ச்சிக்கூடத்து வேலை. செலவழித்து யாராவது செய்து கொடுத்தாலும் உங்கள் வழக்கில் அது தீர்ப்பு சொல்லாது. ஏன் என்று சொல்கிறேன். உங்கள் அண்ணன் மகன் சொன்னதும் பொய்யில்லை.

தொண்டையார்பேட்டையில் ரத்த ஸ்லைடு பார்த்தே கண்ணாடி பவரை ஏற்றிக்கொண்டவன் நான். ஜே.எஸ்.பி. சாயம் போட்டு லென்ஸுக்கு அடியில் வைத்தால், ஊதிப்போன சிவப்பணுவுக்குள் கோணல்மாணலாகக் கிடப்பதைப் பார்த்து விவாக்ஸ் என்று எழுதிவிடுவேன். ஆனால் ஆடி மாத விவாக்ஸும் மாசி மாத விவாக்ஸும் என் கண்ணுக்கு ஒன்றுதான். அங்கேதான் மரபணுக் குறியீடு, அதாவது ரகத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டு, வருகிறது. கிருமியின் டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் அப்படியே திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை என்பது ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே லைனில் 9 பெட்டி வண்டியும் 12 பெட்டி வண்டியும் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே நின்று முகப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்று, பக்கவாட்டில் நின்று எண்ணினால்தான் வித்தியாசம் தெரியும். பிசிஆர் மெஷினில் அந்தத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுத்து நீளத்தை அளப்பார்கள். ஓர் இடம் பார்த்தால் போதாது, பல இடங்களைப் பார்க்க வேண்டும். இன்னொன்று: நம் ரத்தத்தில் இருக்கும்போது அந்தக் கிருமிக்கு ஒவ்வொரு ஜீனும் ஒற்றைப் பிரதிதான், நம்மைப் போல அப்பா வழி ஒன்று அம்மா வழி ஒன்று கிடையாது. அதனால் ஒரே இடத்தில் இரண்டு நீளம் தெரிந்தால், உடம்புக்குள் குறைந்தது இரண்டு ரகம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரே கொசுக்கடியில்கூட இரண்டு ரகம் ஏறலாம்.

இதுவரை சரி. சிக்கல் விவாக்ஸின் குணத்தில் இருக்கிறது. கடித்தவுடன் கிருமி கல்லீரலுக்குப் போகும். அதில் கொஞ்சம் உடனே பெருகி ரத்தத்துக்கு வரும், மீதி அங்கேயே தூங்கும். வாரக்கணக்கிலும் தூங்கும், பல மாதமும் தூங்கும். எழுந்து வருவது முதல் காய்ச்சலில் வந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முன்பு எப்போதோ ஏறிய வேறு ரகமும் எழலாம். 2007இல் வெளியான ஓர் ஆய்வில் தாய்லாந்து, மியான்மர், இந்தியா என்று மூன்று நாட்டு நோயாளிகள் 149 பேரின் முதல் காய்ச்சல் ரத்தத்தையும் திரும்பி வந்த காய்ச்சல் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். தாய்லாந்துக்காரர்கள் 36 பேருக்குப் புதிதாகத் தொற்ற வழியே இல்லை. அவர்களிலேயே 78 சதவீதம் பேருக்கு இரண்டாம் தடவை முதலில் இல்லாத ரகம் தென்பட்டது.

ஆக, "வேறு ரகம்" என்று ரிப்போர்ட் வந்தாலும் புதுக் கடி என்று நீங்கள் சாதிக்க முடியாது. "அதே ரகம்" என்று வந்தால் பழசு என்று நினைக்க இடமுண்டு. ஆனால் தெருவில் அந்த ஒரு ரகமே சுற்றிக்கொண்டிருந்தால் அதையும் அடித்துச் சொல்ல முடியாது. இரண்டு கிருமியும் ஒன்றா வேறா என்பதைத்தான் குறியீடு காட்டும். எந்தத் தொட்டியில் பிறந்த கொசு கொண்டுவந்தது என்பது அதன் நீளத்தில் எழுதியில்லை.

சரி, ஓனர் சொல்வதுபோல் பழசு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆடியில் நீங்கள் குடியிருந்த வீடு எது? அதுவும் அவர் வீடுதானே! இதைக் கேட்டுப் பாருங்கள். தவிர, விவாக்ஸில் காய்ச்சல் தொடங்கும்போதே கொசுவுக்குத் தொற்றக்கூடிய உருவமும் ரத்தத்தில் வந்துவிடும். மூடியில்லாத தொட்டியில் பிறந்த அனாஃபிலிஸ் என்ற மலேரியா கொசு உங்கள் பையனைக் கடித்துவிட்டு, கிருமி அதற்குள் முற்றியதும் கீழ் போர்ஷனுக்குப் போய் ஓனரைக் கடிக்கும். நம் ஊர் அனாஃபிலிஸ் ஸ்டீஃபன்சிக்கு சாக்கடை பிடிக்காது. மாடித் தொட்டி, சம்ப், கிணறு என்று சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். இறுக்கமான மூடி, ஓவர்ஃப்ளோ குழாய்க்கு வலை, வாரம் ஒரு தடவை தொட்டியைக் காயவைத்துத் தேய்ப்பது. இதற்கு ஜீன் டெஸ்ட் வேண்டாம். ஓனர் அசையாவிட்டால் மாநகராட்சி மலேரியா ஊழியர் வரும்போது மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

உங்களிடம் நான் கேட்க வேண்டியது வேறு. பையன் பிரைமாகுயின் 14 நாளும் சாப்பிட்டானா? மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், மீதி அட்டை ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கும். இது வீட்டுக்கு வீடு நடப்பது. கல்லீரலில் தூங்குவதைக் கொல்வது அந்த மாத்திரைதான், ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும் குளோரோகுயினால் அது முடியாது. அளவு எடைக்கு ஏற்ப இருக்க வேண்டும். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்தத்தைச் சிதைக்கும் என்பதால் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு ஓடுங்கள்.

கேள்வி: அப்படியானால் மலேரியாவில் இந்தக் குறியீடுகளால் யாருக்கும் பிரயோஜனமே இல்லையா?
– ஒரு பி.எஸ்ஸி. மாணவர், வியாசர்பாடி.

பதில்: நிறைய இருக்கிறது தம்பி, ஃபால்சிபாரம் என்ற இன்னொரு மலேரியா இனத்தில். அது கல்லீரலில் தூங்காது. அதனால் மருந்து கொடுத்தபின் திரும்பி வந்தால் இரண்டே வழி: மருந்துக்குச் சாகாத பழசு, அல்லது புதுக் கடி. மருந்துச் சோதனைகளில் கிருமியின் எம்எஸ்பி-1, எம்எஸ்பி-2 போன்ற ஜீன்களின் நீளத்தை ஒப்பிட்டுத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். இல்லையென்றால் கொசு செய்த தப்புக்கு மருந்துக்குக் கெட்ட பெயர் வரும். நம் வடகிழக்கு மாநிலங்களில் ஆர்ட்டிசுனேட் மருந்துடன் கொடுத்த எஸ்.பி. (சல்ஃபாடாக்சின்-பைரிமெத்தமின்) மாத்திரை பலிக்கவில்லை. கிருமியின் டிஎச்எஃப்ஆர், டிஎச்பிஎஸ் ஜீன்களில் வந்த மாற்றங்கள் அதற்குக் காரணம் காட்டின. 2013இல் அங்கே மருந்தையே மாற்றினார்கள்.

கேள்வி: கார்டு டெஸ்ட்டில் நெகட்டிவ், ஸ்லைடில் பாசிட்டிவ். எதை நம்புவது?
– ஒரு வாசகர், காசிமேடு.

பதில்: ஸ்லைடை. கார்டு தேடுவது கிருமியின் புரதத்தை; கிருமி குறைவாக இருந்தால் கோட்டை விடும். ஃபால்சிபாரத்தில் இன்னொரு காரணமும் உண்டு: பல கார்டுகள் தேடும் எச்ஆர்பி-2 புரதத்துக்கான ஜீனே சில ரகங்களில் கழன்றுபோயிருக்கும். 2010இல் பெருவில் இதை முதலில் கண்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் எந்த இனம் என்று எழுதவில்லையே, அதைக் கேட்டு வாங்குங்கள். மருந்து இனத்துக்கு இனம் வேறு.