அனுபவம் என்னும் பெட்டிச் செய்தி

அன்புள்ள அண்ணா,

ஒரு பிராந்தியப் பத்திரிகையில் செய்தியாளராக இருக்கிறேன். 2024 ஜனாதிபதித் தேர்தலில் 38 பேர் போட்டியிட்டார்கள். எங்கள் பக்கங்களில் நாலைந்து பேர்தான் வந்தார்கள். எல்லோருக்கும் சம இடம் கொடுப்பதுதானே நியாயம்? முன்னணி வேட்பாளர்களுக்கு மட்டும் 'அனுபவம்' என்று ஒரு பெட்டி போட்டோம்: எத்தனை வருடம் எம்.பி., எத்தனை வருடம் அமைச்சர். அது பக்கச்சார்பு என்று சிலர் ஏசினார்கள். தொலைக்காட்சி விவாதத்தைக் கட்டாயமாக்கினால் இந்தச் சிக்கல் தீருமா?

ச.

அன்புள்ள ச.,

தம்பி, 38 பேருக்கும் ஆளுக்கொரு பந்தி எழுதியிருந்தால் ஒருவரைப் பற்றியும் வாசகருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த இடத்தை விருப்பு வாக்குக்கு, அதாவது சீட்டில் 2, 3 என்று இடும் அடுத்த தெரிவுகளை விளக்குவதற்கு, கொடுத்திருக்கலாம். இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாவது சுற்று எண்ணப்பட்ட தேர்தல் அது. முதல் இருவரைத் தவிர்ந்தவர்களுக்கு விழுந்த 33 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகளில், அந்த இருவரில் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்கு 273,131 மட்டுமே. 2, 3 என்று எழுதினால் தன் வாக்கு எங்கே போகும் என்று ஊரில் யாருக்கு விளங்கியது? விவாதத்தை விடுங்கள், அங்கே நாவன்மைதான் வெல்லும்.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். நீங்கள் மனம் நொந்து எழுதியிருப்பது தெரிகிறது. ஏசியவர்கள் பக்கச்சார்பு என்றார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அந்தப் பெட்டி வெறுமையாக இருந்தது, அதுதான் குறை. ரணில் விக்கிரமசிங்க 1977 முதல் அரசியலில், ஆறு தடவை பிரதமர். அநுர குமார திசாநாயக்க 2000 முதல் எம்.பி., 2004-05 இல் அமைச்சர். ஒருவர் கதிரையில் எவ்வளவு காலம் இருந்தார் என்பது இதில் தெரிகிறது. இருந்தபோது எதில் கையெழுத்திட்டார் என்பது தெரியவில்லை. அநுரவுக்கு அனுபவம் இல்லை என்றவர்களும் உண்டு என்றவர்களும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கலாம்: விவசாயமும் நீர்ப்பாசனமும் அவர் கையில் இருந்த காலத்தில் எத்தனை குளம் திருத்தப்பட்டது, ஒதுக்கிய பணத்தில் எவ்வளவு செலவானது?

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் 2019 ஜனாதிபதித் தேர்தல். கோட்டாபய ராஜபக்ஷ அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றவரில்லை. 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளர். கொழும்பைத் துப்புரவாக்கிய நிர்வாகி என்று ஆதரித்தவர்கள் எழுதினார்கள். எதிர்த்தவர்கள் போரின் கடைசி மாதங்களையும் அமெரிக்கக் குடியுரிமையையும் எழுதினார்கள். அவை எழுதப்படவேண்டியவைதான். ஆனால் அவருடைய தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்த வரிக் கணக்கைப் பென்சில் எடுத்துக் கூட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

கணக்கு சிறியது. வற் எனப்படும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகும் என்றார். 1,000 ரூபா பொருளில் திறைசேரிக்கு 150 ரூபா வந்த இடத்தில் இனி 80 ரூபா. அந்த வரியில் ஏறத்தாழப் பாதி போகிறது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி முழுதாக நீங்குகிறது. பதவிக்கு வந்தபின் இன்னொன்றும் சேர்ந்தது: வற் வரிக்குப் பதியவேண்டிய வருடாந்த விற்பனை எல்லை 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனாக உயர்ந்தது. நடுத்தர வியாபாரிகள் பெரும்பாலும் பதிவேட்டிலேயே இல்லாமல் போனார்கள். பள்ளத்தை எதனால் நிரப்புவீர்கள் என்ற ஒரு கேள்வியைத் தேர்தலுக்கு முன் தலைப்பில் போட்டிருக்கவேண்டும். அன்றைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நாடு வங்குரோத்தாகும் என்றே சொன்னார். எதிர்முகாமின் பேச்சு என்று அது ஒதுங்கிப்போனது. வரி வருமானம் 2020 இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தை ஒட்டி விழுந்தது. நாட்டின் கடன் தரப்படுத்தல் இறங்கியது, வெளியே கடன் வாங்கும் வழி அடைபட்டது, 2022 ஏப்ரல் 12 இல் கடனைக் கட்டமுடியாது என்ற அறிவிப்பு வந்தது. பெருந்தொற்றும் சேர்ந்து அடித்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை அதற்கு முன்பே போடப்பட்டுவிட்டது.

பசளைக் கதையும் இதுதான். விஞ்ஞாபனத்தில் இருந்தது 10 வருடத்தில் சேதனப் பசளைக்கு மாறும் திட்டம். அதற்கு எத்தனை தொன் வேண்டும், எங்கே செய்வீர்கள் என்று 2019 இலேயே கேட்டிருந்தால், கையில் கணக்கு இல்லை என்பது அன்றே வெளியே வந்திருக்கும். 2021 மே மாதம் ஒரு வர்த்தமானியோடு இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. நவம்பரில் தடையை நீக்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டது. யூரியா இல்லாத பயிர் மஞ்சளித்து நிற்பதைப் பார்த்த கமக்காரனிடம் போய் நிர்வாக அனுபவம் பற்றிப் பேசிப் பாருங்கள்.

ஆகவே பெட்டியை இப்படிப் போடுங்கள். பதவி, தொடங்கிய திகதி, விட்ட திகதி, தெரிவானவரா நியமனமா. அதன் கீழே அவர் எடுத்த ஒரேயொரு முடிவு, அதற்கு ஒதுக்கிய பணம், செலவான பணம், கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கை அதைப் பற்றிச் சொன்ன ஒரு வரி. வேட்பாளரின் அலுவலகம் தரும் சுயவிபரத்தை அப்படியே இறக்காதீர்கள். இடையில் பதவியில்லாமல் இருந்த வருடங்களையும் சேர்த்துக் கூட்டித்தான் அதில் 'முப்பது வருட அனுபவம்' ஆக்குவார்கள். ஒவ்வொரு நியமனத்தின் திகதியையும் வர்த்தமானியோடு ஒப்பிடுங்கள்.

இந்தக் கணக்குகளை அமைச்சிடம் கேட்டு வாங்க எடுக்கும் காலத்தையும் கவனியுங்கள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் அலுவலர் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல 14 வேலை நாள் உண்டு. கட்டணத்தைக் கட்டியபின் தகவலைத் தர இன்னும் 14 நாள். 2024 இல் வேட்புமனு ஆகஸ்ட் 15, வாக்களிப்பு செப்டெம்பர் 21. வேட்புமனு அன்று விண்ணப்பித்திருந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், பிரசாரம் ஓய்கிற நேரத்தில்தான் பதில் கைக்கு வந்திருக்கும். மறுத்து, மேன்முறையீட்டுக்குப் போனால் புதிய ஜனாதிபதி பதவியேற்றிருப்பார். யார் யார் நிற்பார்கள் என்பது பெரும்பாலும் ஒரு வருடம் முன்பே தெரியும், அப்போதே எழுதிப் போடுங்கள். அமைச்சின் பெயர், நிதியாண்டு, வேலைத்திட்டத்தின் பெயர் மூன்றும் விண்ணப்பத்தில் இருக்கட்டும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். ஏழு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டால், கடினமான ஒன்றைக் காட்டி ஏழு கேள்விகளையும் இழுத்தடிப்பார்கள்.