நெய் என்று நினைத்துப் பன்றிக்கொழுப்பு வாங்கிவிட்டால்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ஜெர்மனியில் லைப்சிக் வந்து மூன்று வாரம் ஆகிறது. நெய்க்கு இங்கே புட்டர்ஷ்மால்ட்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடையில் வெண்ணெய் இருக்கும் அடுக்கில் வெள்ளையாக, 250 கிராம் கட்டியாக இருந்ததை எடுத்து வந்துவிட்டீர்கள். வீட்டில் பிரித்துப் பார்த்தால் அது ஷ்வைனஷ்மால்ட்ஸ். பன்றிக்கறி சாப்பிடுவீர்கள், ஆனால் வெறும் கொழுப்பை வைத்து இங்குள்ளவர்கள் என்ன சமைக்கிறார்கள், அது உடம்புக்கு ஆகுமா, தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

தூக்கிப் போடாதீர்கள். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஷ்மால்ட்ஸ் என்றால் உருக்கி வடித்த கொழுப்பு, அவ்வளவுதான். முன்னால் நிற்கும் சொல்தான் எதிலிருந்து உருக்கியது என்று சொல்லும். புட்டர்ஷ்மால்ட்ஸ் என்பது வெண்ணெயை உருக்கியது, நம் நெய்க்கு உறவு. ஷ்வைனஷ்மால்ட்ஸ் பன்றியிலிருந்து வருவது. கென்ஸெஷ்மால்ட்ஸ் வாத்தினத்துக் கொழுப்பு. அது இளகலாக இருக்கும் என்பதால் பன்றிக்கொழுப்பும் கலந்து விற்பது உண்டு, பொருள்பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். க்ரீபன்ஷ்மால்ட்ஸ் என்றால் பொரிந்த கொழுப்புத் துணுக்குகளோடு இருப்பது, ரொட்டியில் தடவுவதற்கானது.

இந்த ஊர்க்காரர்களுக்குப் பன்றிக்கொழுப்பு நமக்கு நெய் எப்படியோ அப்படி இருந்த பொருள். குளிர் தொடங்கும் நவம்பர், டிசம்பரில் வீட்டுப் பன்றியை அறுப்பார்கள். கொழுப்பை உருக்கி மண்சாடியில் ஊற்றி வைத்தால் குளிர்காலம் முழுக்க வரும். சமைத்த இறைச்சியின் மேல் உருக்கி ஊற்றிக் காற்றுப் படாமல் மூடி வைப்பதும் உண்டு. வெண்ணெய் விற்பனைக்குப் போகும், வீட்டுச் சமையலுக்கு ஷ்மால்ட்ஸ் மிஞ்சும். பழைய ஜெர்மன் சமையலில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் வரும் இடத்திலெல்லாம் இந்தக் கொழுப்பும் வருவதற்கு அதுதான் காரணம்.

உடம்புக்கு ஆகுமா என்பதற்கு எண்களோடு சொல்கிறேன். இதுவும் 100 கிராமுக்குச் சுமார் 900 கலோரி, எந்தச் சுத்தமான எண்ணெயும் அவ்வளவுதான். இதில் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது மிஞ்சினால் இரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை, ஏறக்குறைய 39 சதவீதம். வெண்ணெயில் 50 சதவீதத்தைத் தொடும், நெய்யில் 60ஐ ஒட்டி, தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல். பன்றிக்கொழுப்பில் மிகப் பெரிய பங்கு ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு, 45 சதவீதம் அளவில். அதில் பெரும்பகுதி ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே ஒலியிக் அமிலம். கொலஸ்ட்ரால் 100 கிராமுக்கு 95 மில்லிகிராம் போல, வெண்ணெயில் 200க்கு மேல். ஆகவே நெய் சாப்பிடுகிறவர் இதைக் கண்டு அஞ்ச ஒன்றுமில்லை.

அதற்காக இதை மருந்து என்று தூக்கிப் பிடிப்பவர்களையும் நம்பாதீர்கள். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 14 சதவீதம்தான், கடுகெண்ணெயில் இன்னும் குறைவு. வைட்டமின் டி இருக்கிறது என்பார்கள். வெயிலில் மேய்ந்த பன்றியின் கொழுப்பில்தான் அது சொல்லும்படி இருக்கும், கொட்டகையில் வளர்த்ததில் அதிகம் எதிர்பார்க்க முடியாது. உலக சுகாதார நிறுவனம் நிறைவுற்ற கொழுப்பை மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது நாளுக்குச் சுமார் 22 கிராம். ஒரு மேசைக்கரண்டி ஷ்மால்ட்ஸ் 13 கிராம், அதில் 5 கிராம் நிறைவுற்றது. பால், பாலாடைக்கட்டி, இறைச்சி எல்லாவற்றிலும் மீதி சேரும் என்பதை மனத்தில் வைத்து, கரண்டிக் கணக்கில் பயன்படுத்துங்கள். வீட்டில் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருப்பவர் இருந்தால் அவர் மருத்துவரைக் கேட்காமல் தினசரிச் சமையலுக்கு இதை எடுக்க வேண்டாம்.

இனி சமையலுக்கு வருவோம். உங்கள் கையில் உள்ள கட்டிக்கு முதல் வேலை உருளைக்கிழங்கு வறுவலாக இருக்கட்டும், ப்ராட்கார்டோஃபெல்ன் என்பார்கள். பையில் ஃபெஸ்ட்கோஹெண்ட் என்று எழுதிய, குழையாத கிழங்கு வேண்டும். தோலோடு வேகவைத்து, ஒரு இரவு குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் தோலுரித்து அரை சென்டிமீட்டர் வில்லைகளாக நறுக்குங்கள். சூட்டோடு நறுக்கினால் உடைந்து மசியும், ஈரமும் இருக்கும், மொறுமொறுப்பு வராது. இரும்புச் சட்டியில் 600 கிராம் கிழங்குக்கு 2 மேசைக்கரண்டி ஷ்மால்ட்ஸ் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, ஐந்தாறு நிமிடம் கரண்டி போடாமல் விடுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான், கிளறிக்கொண்டே இருப்பார்கள். அடிப்புறம் பொன்னிறமானதும் திருப்புங்கள். வெங்காயத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் சேருங்கள், முன்பே போட்டால் கிழங்கு சிவப்பதற்குள் வெங்காயம் கருகும். உப்பு இறக்கும்போது.

அடுத்தது ரோட்கோல், சிவப்பு முட்டைக்கோஸ். 1 கிலோ கோஸுக்கு 50 கிராம் ஷ்மால்ட்ஸில் வெங்காயம் வதக்கி, நறுக்கிய கோஸ், புளிப்பான ஆப்பிள் இரண்டு, வினிகர் 3 மேசைக்கரண்டி, கிராம்பு மூன்று, ஒரு பிரிஞ்சி இலை, கொஞ்சம் சர்க்கரை, உப்பு, ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்து மூடி முக்கால் மணி நேரம் சிறுதீயில் வேகவிடுங்கள். வினிகரைத் தொடக்கத்திலேயே ஊற்ற வேண்டும், புளிப்பு இல்லாவிட்டால் கோஸ் நீலம் பாரிக்கும். இந்தப் புளிப்பின் கடுமையைத் தணிப்பது கொழுப்புதான். சூரியகாந்தி எண்ணெயில் செய்தால் அதே கோஸ் வெறிச்சென்று இருக்கும்.

பொரிப்பதற்கு ஷ்மால்ட்ஸ் 170 பாகை செல்சியஸ் சூடு போதும், 190ஐ ஒட்டிப் புகையத் தொடங்கும். பெர்லினர் என்ற உருண்டைப் பலகாரத்தை முன்பு இதில்தான் பொரிப்பார்கள். ஆறியதும் கொழுப்பு இறுகிவிடும், அதனால் கையில் எண்ணெய் ஒட்டாது. மாவுப் பலகாரத்தில் வெண்ணெய்க்குப் பதில் போடுவதென்றால் 100 கிராமுக்கு 80 கிராம் போடுங்கள். இங்குள்ள வெண்ணெயில் கொழுப்பு 82 சதவீதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். ஷ்மால்ட்ஸில் தண்ணீரே இல்லை. அளவு மாற்றாமல் போட்டால் பலகாரம் எண்ணெய் கக்கி உதிர்ந்துபோகும்.

நம் சமையலில் எல்லாவற்றிலும் இதை நுழைக்க வேண்டாம். பன்றிக்கறி வறுவல், மிளகுக்கறி, முட்டைக்கோஸ் பொரியல், சப்பாத்தி மாவு இவற்றுக்குப் பொருந்தும். 300 கிராம் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மறுநாளும் மெத்தென்று இருக்கும். ரசம், பருப்பு, தேங்காய்ச் சட்னி தாளிக்க எடுத்தால் இறைச்சி வாடை தனித்து நிற்கும், அதற்கு நெய்யையே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி தீர்ந்து, வீட்டிலேயே உருக்கிப் பார்க்க ஆசைப்பட்டால், கறிக்கடையில் ஃப்ளோமென் என்று கேளுங்கள். வயிற்றின் உள்ளே சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு, வாசனை குறைவு, இறுகினால் நன்றாகக் கெட்டிப்படும். முதல்நாளே சொல்லிவைத்தால் எடுத்துவைப்பார்கள், கேட்டால் அரைத்தும் தருவார்கள். மேல் சவ்வை உரித்துவிட்டு, உறைபெட்டியில் அரை மணி நேரம் வைத்தால் வழுக்காமல் நறுக்கலாம். 1 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, அடிகனமான பாத்திரத்தில் 1 கிலோவுக்கு 100 மில்லி தண்ணீர் ஊற்றி, 9 படி அடுப்பில் 2 அல்லது 3இல் வையுங்கள். தொடக்கத்தில் கொழுப்பு அடியில் பிடிக்காமல் இருக்கத்தான் தண்ணீர், அது தானாக வற்றிவிடும். மூடி போடாதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் ஆகும். நெய் உருக்கியவர்களுக்குப் பதம் சொல்லத் தேவையில்லை. சடசடப்பு அடங்கும், கொழுப்பு தெளியும், துணுக்குகள் வெளிர்பொன் நிறமாகும். அங்கே நிறுத்தி, துணியில் வடியுங்கள். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் பழுப்பாகி வறுத்த இறைச்சியின் வாடை ஏறும், வறுவலுக்கு உதவுமே தவிர இனிப்புப் பலகாரத்துக்கு ஆகாது. சடசடப்பு அடங்குமுன் இறக்கினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆறும்போது இரண்டு மூன்று முறை கிளறி, பிறகு சட்டென்று குளிரவைத்தால் வழவழப்பாக இறுகும், தானாக மெல்ல ஆறவிட்டால் மணல் மணலாகும், கெடுதல் இல்லை.

ரொட்டிக்கு வேண்டுமானால் வடிக்காமல், துணுக்குகள் வெளிறிய பொன்னிறத்துக்கு வரும்போதே பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்றும் புளிப்பு ஆப்பிள் பாதியும் போட்டு, சிவந்ததும் இறக்கி, உப்பும், மார்ஜோரம் என்ற உலர்ந்த மூலிகை இலை ஒரு தேக்கரண்டியும் சேருங்கள். கம்பு ரொட்டி என்று நாம் நினைக்கும் நிறத்தில் இருக்கும் ரை ரொட்டியில் தடவி, மேலே உப்புநீரில் ஊறிய வெள்ளரிக்காய் வைத்துச் சாப்பிடுவார்கள். வெங்காயமும் ஆப்பிளும் இருப்பதால் இது ஒரு மாதம்தான் தாங்கும். வடித்தது, இருட்டில் மூடிய கண்ணாடிக் குப்பியில், குளிர்பெட்டியில் ஆறு மாதம் இருக்கும். தாவர எண்ணெயில் இருக்கும் அளவு வைட்டமின் ஈ இதில் இல்லை, அதனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் காறிப்போகும். கடைப் பொட்டலத்தில் ரோஸ்மேரிச் சாறு சேர்த்திருப்பது அதைத் தடுக்கத்தான். காறல் வாடை வந்தால் முகர்ந்ததும் தெரியும், அதைச் சமைக்காதீர்கள்.

பொதுச் சமையலறை உள்ள வீடு என்றால் ஒன்று முக்கியம். இரும்புச் சட்டியில் கொழுப்பு ஊறித் தங்கும், கழுவினாலும் முழுக்கப் போகாது. கூட இருப்பவர்களில் முஸ்லிம்களோ சைவமோ இருந்தால் உங்களுக்கெனத் தனிச் சட்டி, தனிக் கரண்டி வைத்துக்கொண்டு அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அவர்களுக்காக வாங்கும்போது புட்டியில் வரும் ரோட்கோலின் பொருள்பட்டியலைப் பாருங்கள், சிலவற்றில் ஷ்வைனஷ்மால்ட்ஸ் இருக்கும். பெர்லினர் வாங்கினால் எதில் பொரித்தது என்று கடையில் கேளுங்கள், இப்போது பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், ஆனாலும் கேட்க வேண்டும்.

பொரித்து முடித்த கொழுப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் இறுகி அடைக்கும், வாடகை வீட்டில் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். ஆறி இறுகியதும் பழைய புட்டியில் வழித்துப் போட்டு, மூடி, ரெஸ்ட்முல் எனப்படும் பொதுக்குப்பைத் தொட்டியில் போடுங்கள். சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள்.