வெள்ளிக்கிழமை விளக்கும் நின்றுபோன லேவியராகமமும்

கேள்வி: டீச்சர், எனக்கு 36 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். இரண்டு பிள்ளைகள், மாமியாரும் எங்களோடுதான். நான் பிறப்பிலேயே கிறிஸ்தவள். மாமியார் மாரியம்மனைக் கும்பிடுகிறவர். எங்கள் ஆலயத்துக்குக் குருவானவர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் கைக்காசுக்கு, அதாவது தனியாகக் காசு கிடைக்கும் கொழுந்தெடுப்புக்கு, போய்விடுகிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி ஒரு மணித்தியாலம் ஜெபிக்க வேண்டும், வேதாகமத்தை ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று ஜெபக்கூட்டத்தில் ஓர் அக்கா சொன்னார். ஜனவரியில் தொடங்கி மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தோடு நின்றுவிட்டேன். மாமியார் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைப்பதைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? என்னால் முடிகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், தலவாக்கலை

பதில்:

தங்கச்சி,

வெட்கமாக இருக்கிறது என்று எழுதினீர்களே, உங்களுக்கான பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் லேவியராகமம்.

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. அதுவரை கதை கதையாகப் போகும், கஷ்டம் தெரியாது. ஜனவரி முடியும் நேரம் லேவியராகமம் வந்து நிற்கும்: பலி, கொழுப்பு, குஷ்டம், வீட்டுச் சுவரில் தோஷம். நானும் இரண்டு தடவை அங்கேதான் நின்றேன். மூன்றாம் தடவை தொடங்கவே இல்லை. பகல் முழுக்க மலையில் நின்ற உடம்பிடம் இரவு எட்டரைக்கு மூன்று அதிகாரம் கேட்டால் அது தூங்கத்தான் செய்யும். இதற்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்க வேண்டாம்.

நாலு மணி விஷயத்தை அந்த அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் கொழுந்தெடுக்கிற பெண் எத்தனை மணிக்கு எழும்புகிறாள் என்று உங்களிடம் கேட்டாரா? அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்திவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஓடுகிறவரிடம் இன்னொரு மணித்தியாலம் கேட்பது, நிறைந்த கூடையில் மேலும் கொழுந்தை அமுக்குகிற வேலை. அமுக்கினால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். இது எனக்குச் சொல்லித் தந்ததே உங்களைப் போன்றவர்கள்தான்.

இப்போது உங்கள் மாமியார். அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வெள்ளிக்கிழமை நன்றாகப் பாருங்கள். விளக்கைத் துலக்குவார், திரி போடுவார், எண்ணெய் ஊற்றுவார், கொஞ்ச நேரம் கைகூப்பி நிற்பார். மொத்தம் பத்து நிமிடம் இருக்குமா? நாலு மணிக்கு எழும்பவில்லை, 1189 அதிகாரமும் இல்லை. அவருக்கு ஒரு கிழமை இருக்கிறது, கைக்கு ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலை சின்னது. அதனால்தான் அது இத்தனை வருடம் நின்றிருக்கிறது. உங்களுக்குத் தந்தது நாள் தவறாமல் செய்ய வேண்டிய பெரிய வேலை. ஒரு நாள் தவறினால் எல்லாம் தவறியது போலத் தோன்றும். கிழமைக் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை. இந்த வெள்ளி போனால் அடுத்த வெள்ளி வரும்.

வெள்ளிக்கிழமை நம்முடைய கிழமையும்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம். முதல் நூற்றாண்டின் முடிவை ஒட்டி எழுதப்பட்டதாகப் பல அறிஞர்கள் கருதும் திதாக்கே என்ற சிறு நூலில், கிறிஸ்தவர்கள் புதனும் வெள்ளியும் உபவாசம் இருக்க வேண்டும், நாளுக்கு மூன்று தரம் பரமண்டல ஜெபத்தைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மூன்று தரம் என்பது உங்கள் நாளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. காலையில் ரொட்டிக்கு மாப் பிசையும்போது ஒன்று, பகல் கொழுந்து நிறுக்க நிற்கும்போது ஒன்று, இரவு பாயில் ஒன்று. வாயைத் திறக்கவும் வேண்டாம்.

உபவாசத்தை மட்டும் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். வெறும் சாயத்தண்ணியோடு (பாலில்லாத தேநீரோடு) மலையேறி மயங்கி விழுந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒன்று சொல்கிறேன். எங்கள் பாட்டி லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், செய்தது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மா டின் இருக்கும். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டின்னில் போடுவார். ரொட்டி சுடுகிற நாளில் ஒரு பிடி மா. பிடி அரிசிக் காணிக்கை நம் சபைகளில் பழைய வழக்கம்தான். மாதம் முடிய ஆலயத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். பாட்டி மாதம் முடியும்வரை பார்த்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பொழுதுபட்டதும், வேலையிலிருந்து நின்றுபோன யாராவது ஒரு கிழவியின் காம்பராவுக்கு (லயத்து அறைக்கு) அது போய்விடும். கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. "யாரு தந்தாங்கன்னு கேட்டா சொல்லாத" என்பார். லயத்தில் யாருக்குத்தான் தெரியாது! ஆனாலும் அந்தக் கிழவிகள் யாரும் கேட்டதில்லை. ஜெபம் என்று பாட்டி பெரிதாக ஒன்றும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை, டின்தான் ஞாபகம் இருக்கிறது. உங்கள் மகனோ மகளோ அந்த நடையை நடக்கட்டும்.

வாசிப்பை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. லேவியராகமத்தை மூடிவிட்டு ரூத்தைத் திறங்கள். மொத்தம் நாலே அதிகாரம். சனிக்கிழமை இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, வாரம் ஒரு அதிகாரம். ஒரு மாதத்தில் ஒரு புத்தகம் முடித்த சந்தோஷம் கிடைக்கும். மகளைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கேளுங்கள். கண்ணுக்கு ஓய்வு, அவளுக்குத் தமிழ் வாசிப்பும் திருந்தும் (டீச்சர் புத்தி, போகாது).

ரூத் ஏன் என்றால், அது வயலில் வேலை செய்யும் ஒரு மருமகளின் கதை. வேறு சனத்திலிருந்து வந்தவள். காலையிலிருந்து கதிர் பொறுக்குகிறாள். சாயங்காலம் தட்டி அளந்து பார்த்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை. வீட்டுக்கு வந்ததும் மாமியார் நகோமி கேட்கும் முதல் கேள்வி, இன்றைக்கு எங்கே பொறுக்கினாய், எந்த இடத்தில் வேலை செய்தாய் என்பது. நம் லயத்தில் "இன்னைக்கு எந்த மலை, எத்தனை கிலோ?" என்று கேட்பதேதான்! இரண்டாம் அதிகாரம் வரும் சனிக்கிழமை உங்கள் மாமியாரும் காது கொடுப்பார் என்று நினைக்கிறேன். கேட்கட்டும். ஆனால் அவரை மாற்றுவதற்கான தந்திரமாக அதை ஆக்கிவிடாதீர்கள். அவர் விளக்கு வைக்கும் பத்து நிமிடம் நீங்களும் பிள்ளைகளும் சத்தம் போடாமல் இருங்கள், உங்கள் வாசிப்பு நேரம் அவரும் இருப்பார். ஒரே காம்பராவில் இரண்டு பக்தி இருப்பது மலையகத்தில் புதிதா என்ன?

இன்னொன்று. ரூத்துக்கு அந்தக் கதிர் எப்படிக் கிடைத்தது? வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் (வேறு சனத்தவனுக்கும்) விட்டுவிடு என்று ஒரு சட்டம் இருந்தது. அது எங்கே எழுதியிருக்கிறது தெரியுமா? லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில். அதே அதிகாரத்தில் கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்றும் இருக்கிறது. சம்பளம் பிந்துகிற மாதம் நான் அந்த வசனத்தைச் சத்தமாக வாசிப்பேன்! ரூத் முடிந்த கையோடு அந்த ஒரு அதிகாரத்தை மட்டும் வாசியுங்கள். விட்ட இடத்துக்குத் திரும்பிய மாதிரியும் இருக்கும். பிறகு மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம், நாலு மாதத்துக்குப் போதும்.

ஜெபிக்கத் தனி இடம் இல்லையே என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் லயத்துக் காம்பராவின் அளவு எனக்குத் தெரியும். மெதடிஸ்த சபையைத் தொடங்கிவைத்த ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா 19 பிள்ளைகள் பெற்றவர். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அவர் தன் ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டுக்கொண்டால், அம்மா ஜெபிக்கிறார், கிட்டப் போகக்கூடாது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என மெதடிஸ்தார் வழிவழியாகச் சொல்வார்கள். கொழுந்தெடுக்கும்போது கட்டும் படங்குத் துணி உங்கள் இடுப்பில் இருக்கிறது. தலையில் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். காலையில் அதைக் கட்டும் அந்த அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன் என்ற 121ஆம் சங்கீதத்தின் முதல் வரி அதற்குப் போதும். எதிரே மலைதானே நிற்கிறது.

ஞாயிறு பற்றிச் சொல்லியாக வேண்டும். கைக்காசுக்குப் போவதைப் பாவம் என்று நான் எழுத மாட்டேன். பள்ளிச் சப்பாத்து என்ன விலை என்று எனக்கும் தெரியும். குருவானவர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறார் என்பதிலும் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. 1854இல் கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது உபதேசியார்மார் தோட்டம் தோட்டமாக நடந்துதான் போனார்கள். ஒருவர் வந்து போனால் மறுபடி வரும்வரை சனங்கள் தங்கள் பாட்டில்தான் ஜெபித்தார்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஓய்வுநாளை நீங்கள் கர்த்தருக்குக் கட்ட வேண்டிய கடனாக எண்ணுகிறீர்கள், கட்ட முடியவில்லை என்று கூசுகிறீர்கள். அது அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டியது. யாத்திராகமம் 23இல், உன் மாடும் உன் கழுதையும் இளைப்பாறும்படி ஏழாம் நாளில் ஓய்ந்திரு என்று இருக்கிறது. மாட்டுக்கும் கழுதைக்கும் கணக்கில் இடம் இருக்கும்போது உங்களுக்கு இருக்காதா? மாதத்தில் ஒரு ஞாயிறு, குருவானவர் வரும் அந்த ஞாயிறை மட்டும், முழுதாக விட்டுவிடுங்கள். கைக்காசும் வேண்டாம், மூட்டை மூட்டையாகத் துணி துவைப்பதும் வேண்டாம். கணவரை அந்த வாரமே வீட்டுக்கு வரப் பார்க்கச் சொல்லுங்கள். விறகும் தண்ணீரும் அன்றைக்கு அவர் பொறுப்பு. ரொட்டி தட்டத் தெரியாது என்றால் இப்போது பழகட்டும், ஊரில் எத்தனையோ கடையில் ரொட்டி போடுவது ஆண்கள்தான்.

இத்தனையும் எழுதிவிட்டேனே என்று எல்லாவற்றையும் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடாதீர்கள். பிறகு இன்னொரு லேவியராகமம் ஆகிவிடும். டின் அல்லது ரூத், இரண்டில் ஒன்று. நானாக இருந்தால் டின்னைத்தான் முதலில் வைப்பேன், அது களைத்த நாளிலும் நடக்கும்.

ரூத் நாலாம் அதிகாரம் முடிந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். நகோமியைப் பற்றி உங்கள் மாமியார் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.