கிம்மைக் காணவில்லையாம், மகனைத் திரும்பி வரச் சொல்லவா?

கேள்வி: என் மகன் தென் கொரியாவில் கிம்ஹே என்ற இடத்தில் இரும்புத் தொழிற்சாலையொன்றில் ஈ-9 என்ற வேலை விசாவில் வேலை செய்கிறான். போய் இரண்டு வருடம் ஆகிறது. வட கொரியத் தலைவர் கிம் ஜொங் உன்னை மூன்று கிழமையாகக் காணவில்லை, ஆள் செத்துவிட்டார், சண்டை வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் வந்துகொண்டே இருக்கின்றன. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் என்று சொல்லி ஒருவர் போன் எடுத்தார். நாலு லட்சம் கொடுத்தால் மகனை அங்கிருந்தே ஜப்பானுக்கு மாற்றிவிடலாம் என்கிறார். கடவுச்சீட்டுப் பிரதியை அவருக்கு அனுப்பிவிட்டேன். காசைக் கொடுக்கலாமா, இல்லையென்றால் மகனை வரச் சொல்லவா?
ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: காசைக் கொடுக்காதீர்கள், அம்மா. மகனையும் வரச் சொல்ல வேண்டாம். முதலாவதைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். கிம் ஜொங் உன்னால் உங்கள் வீட்டுக்கு இப்போது ஆபத்தில்லை, போன் எடுத்தவரால் இருக்கிறது.

முதலில் கிம்மின் கதை. அந்த நாட்டில் தலைவரை எப்போது காட்டுவது, எதைக் காட்டுவது என்று அரச தொலைக்காட்சிதான் முடிவு செய்யும். வேறு கமெரா கிடையாது. அதனால் இரண்டு மூன்று கிழமை அவர் முகத்தைக் காணாமல் இருப்பது புதினமே இல்லை. 2014இல் கிட்டத்தட்ட நாற்பது நாள் காணாமல் போனார். ஆட்சி கவிழ்ந்தது என்றார்கள். ஒக்டோபர் நடுவில் கைத்தடியோடு வந்து நின்றார். கணுக்காலில் சத்திரசிகிச்சை என்று பிறகு தென் கொரிய உளவுத்துறை சொன்னது.

2020 ஏப்ரலில் நடந்ததுதான் பெரிய கூத்து. பாட்டனார் கிம் இல் சுங்கின் பிறந்தநாளான ஏப்ரல் 15 நிகழ்வுக்கு அவர் வரவில்லை. இதய சத்திரசிகிச்சை என்று ஒரு செய்தி, உயிருக்கு ஆபத்து என்று இன்னொன்று. வடக்கிலிருந்து தப்பி வந்து தெற்கில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவான ஒருவர், இறந்தது 99 சதவீதம் உறுதி என்றே சொன்னார். தென் கொரிய அரசு மட்டும் வழமைக்கு மாறாக எதுவும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மே 1ஆம் திகதி கிம் ஒரு பசளைத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். சொன்னவர் மன்னிப்புக் கேட்டார். அந்தக் கதையை இங்கே பகிர்ந்தவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

கிம் ஜொங் உன்னின் பாட்டனாரையும் இந்த வதந்தி விடவில்லை. 1986 நவம்பரில் கிம் இல் சுங்கைச் சுட்டுக் கொன்றுவிட்டதாகத் தென் கொரிய அரச தரப்பே அறிவித்தது. நவம்பர் 18ஆம் திகதி அவர் பியோங்யாங் விமான நிலையத்துக்குப் போய் மொங்கோலியத் தலைவரைக் கைகுலுக்கி வரவேற்றார்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2008 செப்டெம்பரில் கிம் ஜொங் உன்னின் தகப்பனார் கிம் ஜொங் இல் நாட்டின் அறுபதாவது ஆண்டு அணிவகுப்புக்கு வரவில்லை. சுகமில்லை என்று பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான், அவருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. 2011 டிசம்பர் 17இல் அவர் இறந்தபோதோ ஒரு வதந்தியும் இல்லை. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 19 மதியம், கறுப்பு உடையில் ஒரு பெண் அறிவிப்பாளர் அழுதுகொண்டே வாசித்த பிறகுதான் தென் கொரிய உளவுத்துறைக்கே தெரியும். பக்கத்து நாட்டு உளவுத்துறைக்குத் தெரியாதது, குரல் பதிவு அனுப்புகிறவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. பக்கவாதம் வந்தபோதும் சண்டை வரவில்லை. 1994இல் கிம் இல் சுங் இறந்தபோதும் வரவில்லை, அந்த ஒக்டோபரில் அமெரிக்காவோடு ஓர் அணு உடன்படிக்கைதான் கையெழுத்தானது. 2011இலும் வரவில்லை. தலைவர் மறைந்தால் உள்ளே இருப்பவர்களுக்கு யார் அடுத்தது என்பதே பெரிய வேலை.

திருகோணமலைக்காரருக்கு இதை நான் விளக்க வேண்டுமா என்ன! 2022 மே 9இல் மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியை விட்டு விலகினார், மறுநாள் ஆளைக் காணவில்லை. உங்கள் ஊர்க் கடற்படைத் தளத்தில் இருக்கிறார் என்ற கதை பரவி, வாசலில் சனம் கூடியது. அது உண்மை, பாதுகாப்புச் செயலாளரே பிறகு ஒத்துக்கொண்டார். அதே நாளில், அரசியல்வாதிகள் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் தப்பிவிட்டார்கள் என்றும் பரவியது. அது பொய் என்று இந்திய உயர்ஸ்தானிகராலயம் மறுத்தது. இரண்டும் ஒரே போனில், ஒரே குரலில்தான் வந்தன. உண்மைப் பாதி பொய்ப் பாதியைத் தோளில் தூக்கிக்கொண்டு வரும். உங்களுக்கு வந்ததிலும் ‘காணவில்லை’ என்பது உண்மையாக இருக்கலாம். ‘சண்டை வரும்’ என்பதை யாரோ பின்னால் ஒட்டியிருக்கிறார்கள்.

சரி, ஏன் ஒட்டுகிறார்கள்? இங்கேதான் உங்கள் நாலு லட்சம் வருகிறது.

கொரிய வேலைத்திட்டம் இரண்டு அரசுகளுக்கு இடையிலானது. இலங்கைப் பக்கத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டும்தான். மகன் கொரிய மொழிப் பரீட்சை எழுதி, பணியகம் ஊடாகத்தானே போனான்? அதில் தனியார் முகவருக்கு இடமே கிடையாது. ‘கொரியாவுக்கு ஆள் அனுப்புகிறவர்’ என்று ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தினால், அந்த ஒரு வசனமே போதும், போனை வைத்துவிடலாம். ஈ-9 விசாவை அங்கிருந்தே ஜப்பான் விசாவாக மாற்றும் வழி எதுவும் இல்லை. ஜப்பானுக்கு வேறு பரீட்சை, வேறு ஒப்பந்தம், வேறு விண்ணப்பம். இவர் செய்யப்போவது என்னவென்றால், மகனைத் தொழிற்சாலையை விட்டு வெளியே இறக்குவது. சொல்லாமல் கொள்ளாமல் சில நாள் வேலைக்குப் போகாவிட்டால் முதலாளி குடிவரவுக்கு அறிவிப்பார். அதோடு விசா போய்விடும், சட்டவிரோதமாக ஒளிந்து வேலை செய்ய வேண்டிவரும். இப்படி ஒளிந்திருப்பவர்களிடம்தான் இந்த ஆட்கள் அடுத்த சுற்றுக் காசு வாங்குவார்கள்.

மகன் ஒழுங்காக இருந்தால் முதல் மூன்று வருடம், நீடிப்போடு நான்கு வருடம் பத்து மாதம் வரை வேலை செய்யலாம். முடித்து வரும்போது முதலாளி கட்டிய புறப்பாட்டுக் காப்புறுதிக் காசும் கையில் வரும். இதையெல்லாம் ஒரு குரல் பதிவுக்காக விடுவதா?

இதே ஆட்கள் விடும் இரண்டாவது கதை, ‘கொரிய நாணயமான வொன் விழப்போகிறது, சேமிப்பை இப்போதே உண்டியலில் (வங்கி இல்லாமல், ஆள் மூலமாக) அனுப்பச் சொல்லுங்கள்’ என்பது. வொன் ஏறும், இறங்கும். உண்டியலில் போன காசு வராவிட்டால் எந்தப் பொலிஸிடம் போய் என்ன சொல்வீர்கள்? வங்கியால் அனுப்பினால் ஒரு துண்டாவது இருக்கும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. திருகோணமலையில் இருந்து கேள்வி வந்ததால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கடல்தொழில் தெரிந்த நம் பிள்ளைகள் சிலர் அதே ஈ-9 விசாவில் மீன்பிடிப் படகுகளுக்குப் போகிறார்கள். படகு தெற்கிலோ கிழக்கிலோ என்றால் நான் மேலே சொன்னதே பதில். மேற்குக் கடலில், யோன்பியோங், பெங்நியோங் தீவுகளின் பக்கம் என்றால் கதை வேறு. அங்கே இரு நாடுகளும் ஒத்துக்கொள்ளாத ஒரு கடல் எல்லை ஓடுகிறது. 2010 மார்ச்சில் அந்தப் பக்கத்தில் தென் கொரியப் போர்க்கப்பல் ஒன்று மூழ்கி 46 மாலுமிகள் இறந்தார்கள். அதே வருடம் நவம்பர் 23இல் வடக்கு யோன்பியோங் தீவின் மீது எறிகணை வீசியதில் நாலு பேர் இறந்தார்கள், அதில் இருவர் பொதுமக்கள். அப்போது கிம் ஜொங் இல் காணாமல் போயிருக்கவில்லை, வழமைபோலப் படத்தில் வந்துகொண்டிருந்தார். அதனால் மேற்குக் கடல் பிள்ளைகளின் பெற்றோர் தலைவர் முகத்தைத் தேட வேண்டாம். கடற்படைப் பயிற்சி நடக்கிறதா, படகுகளைக் கரைக்குக் கூப்பிட்டார்களா என்று மகனிடமே கேளுங்கள். கூப்பிட்டால் முதலாளி என்ன சொன்னாலும் கரைக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் மகன் இருக்கும் கிம்ஹே புசானுக்குப் பக்கத்தில், எல்லையிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். உங்களுக்கு இந்தப் பந்தி தேவையில்லை, ஆனால் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் யாராவது வாசிப்பார்கள்.

உண்மையிலேயே ஏதாவது நடந்தால் மகனுக்குத்தான் உங்களுக்கு முன் தெரியும். அங்கே எச்சரிக்கை நேரே கைபேசிக்கு வரும். அதுவும் பிழையாகப் போகலாம். 2023 மே 31 காலையில் வடக்கு ஒரு செய்மதியை ஏவியபோது சியோல் நகரத்தவர் எல்லோருக்கும் வெளியேறத் தயாராகும்படி செய்தி போய், அரை மணித்தியாலத்துக்குள் அது தவறு என்று இன்னொன்று போனது. ஆனால் பிழையானாலும் திருத்த ஆள் இருக்கிறது பாருங்கள். இங்கே ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அனுப்பிவிட்டு, இப்படி ஒரு வதந்தி கிளம்பினால் ‘பயப்பட வேண்டாம்’ என்று தமிழில் பத்து வரி போட நம் அதிகாரிகளுக்கு எத்தனை கிழமை வேண்டும்? அந்த இடைவெளியில்தான் தரகர் கடை விரிக்கிறார்.

மகன் சியோலில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும், 1345 என்ற கொரியக் குடிவரவு உதவி எண்ணையும் கைபேசியில் பதிந்து வைத்திருக்கட்டும்.

கடவுச்சீட்டுப் பிரதியை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம், பிரதியை வைத்து மட்டும் விசாவை மாற்ற முடியாது. ஆனால் மகனின் பெயரில் எங்காவது விண்ணப்பம் போட்டுவிட்டு உங்களிடம் ‘செலவுக் காசு’ கேட்பார். எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று மகனிடம் இன்றே சொல்லுங்கள். அந்த ஆள் பேசிய எண், அனுப்பிய செய்திகள், காசு போடச் சொல்லி வங்கிக் கணக்கு ஏதும் தந்திருந்தால் அதுவும், ஒன்றையும் அழிக்காமல் வையுங்கள். பணியகத்தின் 1989 எண்ணுக்கு எடுத்து, உரிமம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்குக் காசு கேட்கிறார் என்று சொல்லுங்கள், அது சட்டப்படி குற்றம். லைன் கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். நாளைக்கு வாருங்கள் என்பார்கள். எழும்பாமல் இருந்து, பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள்.