எழுப்புதல் கூட்டம் முடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் ஊரில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. கடைசி இரவு தேவ பிரசன்னத்தை அப்படி உணர்ந்தேன், அழுகையை அடக்க முடியவில்லை. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, எல்லாம் வற்றிவிட்டது. முழங்கால் போட்டால் சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கிறது என்கிறார் பாஸ்டர். அடுத்த மாதம் பக்கத்து ஊரில் கூட்டம். போனால் அது திரும்பக் கிடைக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

1904ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக தேவனிடம் திரும்பிய எழுப்புதலைப் பற்றி மேடையில் கேட்டிருப்பீர்கள். ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள், மதுக்கடைகள் காற்று வாங்கின, வசவு இல்லாமல் கட்டளையிட்டதால் சுரங்கக் குதிரைகள் புரியாமல் நின்றன என்பார்கள். (குதிரைக் கதை எனக்கும் பிடிக்கும்.) ஆனால் அதில் முன்னால் நின்ற இவான் ராபர்ட்ஸ் அதே ஆண்டில் வறண்டு கிடந்ததை அநேகமாக யாரும் சொல்வதில்லை.

ராபர்ட்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அப்போது வயது 26. அந்த வசந்த காலத்தில் சுமார் மூன்று மாதம், இரவு ஒரு மணிக்கு விழிப்பு வந்து ஐந்து மணிவரை தேவனோடு இருந்ததாக அவரே சொன்னார். பிறகு ஊழியத்துக்குப் படிக்க நியூகாசில் எம்லின் என்ற ஊருக்குப் போக வேண்டியிருந்தது. போனால் அந்த நான்கு மணி நேரம் போய்விடுமோ என்று பயந்தார், போயேவிட்டது. ஒரு மாதம் இருட்டு. இருதயம் கல்லாகிவிட்டது, சிலுவையை நினைத்தும் கண்ணீர் வரவில்லை என்று பின்னாளில் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். உங்கள் சுவர்தான் அது.

1904 செப்டம்பர் 29, பிளைனானர்க் என்ற சிற்றூர். காலைக் கூட்டத்தில் சேத் ஜோஷுவா என்ற ஊழியர் 'ஆண்டவரே, எங்களை வளைத்தருளும்' (உமக்குப் பணியச் செய்யும்) என்று ஜெபித்தது ராபர்ட்ஸைப் பிடித்துக்கொண்டது. அடுத்த கூட்டத்தில் முன்வரிசை இருக்கைமேல் கைகளைப் போட்டு முழங்காலில் நின்று, முகமெல்லாம் வியர்வை வழிய, 'என்னை வளைத்தருளும்' என்று கதறினார். போன இரவுகளைத் திருப்பிக் கொடும் என்று கேட்கவில்லை. எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியம் இதுதான்.

அக்டோபர் 31, திங்கட்கிழமை, சொந்த ஊரான லகரில் கூட்டம் முடிந்ததும் பதினேழு பேரை இருக்கச் சொல்லிப் பேசினார். அந்த நாட்களில் அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்தியது இவ்வளவே: தெரிந்த பாவத்தை அறிக்கையிடு, சந்தேகமானதை விட்டுவிடு, ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படி, கிறிஸ்துவை வெளிப்படையாக அறிக்கையிடு. உணர்ச்சி வரும் என்ற வாக்குறுதி எதிலும் இல்லை. ஜனங்கள் பழைய கடனை அடைத்தார்கள், பேசாமல் இருந்தவர்கள் பேசினார்கள்.

பாஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். தடை வந்தால் மறைந்த பாவத்தைத் தேடும் இதே பழக்கத்தில் ராபர்ட்ஸும் விழுந்தார். 1905ல் லிவர்பூலில் கூட்டத்தை நடுவில் நிறுத்தி, இங்கே யாரோ தடையாக இருக்கிறார்கள் என்றார். கண்டனம் எழுந்தது, நியாயமான கண்டனம் என்றே நினைக்கிறேன். மனதில் எழும் ஒவ்வொரு அசைவையும் ஆவியானவரின் குரலாக எடுத்துக்கொண்ட மனிதர், 1906ல் உடைந்துபோய் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு வீட்டில் தங்கிவிட்டார். 1951ல் இறக்கும்வரை அந்தப் பழைய மேடை வாழ்வுக்குத் திரும்பவில்லை. அந்த வருடங்களில் அவர் செய்ததில் பெரும்பகுதி, பிறருக்காக ஜெபித்தது.

ஆகவே, இன்னார்க்கு இன்னது செய்தேன் என்று பெயரோடு ஒரு பாவம் நினைவுக்கு வந்தால், அவரிடம் போய்ச் சரிசெய்யுங்கள். வரவில்லையா, தோண்டித் துருவ வேண்டாம். வறட்சி வந்தாலே பாவம் என்றால் 88ஆம் சங்கீதத்தை வேதத்திலிருந்து எடுத்துவிட வேண்டியதுதான். அது இருட்டிலேயே முடிகிறது. வார்த்தை வராத நாளில் அதையே வாசித்து ஜெபமாக்குங்கள், பத்து நிமிடம் போதும். நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் அதுவரை உங்கள் ஜெபத்தை ஒத்திவைக்க வேண்டாம்.